உமரிக்கீரைக்குள் உப்பு வந்த கதை

அந்தக் காலத்தில், கீரைக்கும் நண்டுக்கும் வாய் இருந்தபோது, கடலோரக் கிணற்றுத் தோட்டம் ஒன்றில் பருப்புக்கீரையும் உமரியும் அக்காள் தங்கையாக வாழ்ந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பாத்தி, ஒரே நல்ல தண்ணீர். சாயலும் ருசியும்கூட ஒன்றுதான். ஆனாலும் தோட்டக்காரி மாரிக்கனி கீரை பறிக்க ஓலைக் கொட்டானைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவள் கை நேரே அக்காளிடம்தான் போகும்.

"நான் என்ன விஷமா? ஒரு நாளாவது என்னைச் சட்டியில போட்டுப் பாத்தாளா?" என்று உமரிக்கு வயிறு எரியும்.

அக்காள் சும்மா இருப்பாளா? "ஏட்டி, கிள்ளிக் கிள்ளி எனக்கு உடம்பே வலிக்கு" என்று அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்புக்குள் ஒரு பெருமை இருந்ததே, அதுதான் உமரிக்குப் பொறுக்கவில்லை.

தோட்டத்துக் கரைக்கு அந்தப் பக்கம் உப்பங்கழி. அங்கே இருந்த நண்டை உமரி கூப்பிட்டாள். "அண்ணாச்சி, அக்கா நிக்கிற இடத்துல கரையில ஒரு வளை போடுங்க. அவ வேர்ல கொஞ்சம் கடல் தண்ணி படட்டும்."

"நீயும் அதே பாத்தியிலதானம்மா நிக்கே?"

"அதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க தோண்டுங்க."

நண்டு தோண்டியது. கடல் ஏறியதும் கரை உடைந்து, கிணறு வரைக்கும் உப்புத் தண்ணீர் பாய்ந்தது. அலறியடித்து ஓடிவந்த மாரிக்கனி, அக்காளை மட்டும் வேரோடு அள்ளி மடியில் கட்டிக்கொண்டு மேட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். உமரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாருங்கள், அப்போதும் அக்காளுக்குத்தான் மடி!

உமரி செத்திருக்க வேண்டியவள். ரோஷம் விடவில்லை. வேறு வழியில்லாமல் உப்பையே குடித்தாள். தட்டை இலை உருண்டு வீங்கியது, தண்டு சிவந்தது. 'நான்தான் இப்படி ஆயிட்டேன், என் மகளாவது அந்தக் கொட்டான்ல ஏறட்டும்' என்று விதையைக் காற்றிடம் கொடுத்து மேட்டுக்கு அனுப்பினாள்.

அக்காள் பழசை மனதில் வைக்காமல் பக்கத்திலேயே இடம் விட்டாள். மாரிக்கனியும் நல்ல தண்ணீர்தான் ஊற்றினாள். முளைத்ததோ அதே உருண்டை இலை, அதே சிவந்த தண்டு. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்ட மாரிக்கனி முகத்தைச் சுளித்தாள்.

"ஏட்டி, நான் நல்ல தண்ணிதானே ஊத்துதேன்? இம்புட்டு உப்பு உனக்கு எங்கேயிருந்து வந்தது?"

"தெரியலைம்மா. நான் கடலைப் பாத்ததே இல்லை" என்றது உமரியின் மகள்.

தாய் குடித்த உப்புதான் மகளுக்குள்ளும் இறங்கியிருக்கிறது என்று அக்காளுக்கு விளங்கிவிட்டது.

மாரிக்கனி அதை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, உப்பே போடாமல் கடைந்தாள். ருசியாகத்தான் இருந்தது. காற்று போய்ச் சொன்னதும் உமரிக்கு ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடியே, "அக்காளுக்கு மட்டும் உப்புப் போட்டுச் சமைக்கா, என் மகளுக்கு அதுகூடக் கிடையாதா?" என்று அதற்கும் எரிந்தாள்.

அன்று முதல்தான், எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாலும் உமரிக்கீரை பிறக்கும்போதே கரிக்கிறது; அதைக் கடைகிறவர்கள் உப்புச் சாடியைத் தொடுவதே இல்லை.