பூவரசந்தீவுக்குப் போன தாய்மாமன்

ஒத்தப்புளிப்பட்டியில் கொம்பையாவை யாரும் மடையர் என்று சொன்னதில்லை. ஊரில் எல்லாருமே அதே அளவில் இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. கடல் தாண்டிப் போன பிறகுதான் தெரிந்தது.

போனது அக்கா மகள் வனரோசாவின் கல்யாணத்துக்கு. அப்பா இல்லாத பிள்ளை. பூவரசந்தீவு என்கிற குட்டித் தீவு நாட்டுக்கு நர்சு வேலைக்குப் போன இடத்தில், நாலு தலைமுறைக்கு முன்பு கரும்பு வெட்டப் போய்த் தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டார். அக்காவுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. ஆகவே பெண் வீட்டு ஆள் என்று சொல்லிக்கொள்ளத் தாய்மாமன் கொம்பையா ஒருவர்தான். அவர் கையால் மாலை எடுத்துக் கொடுத்த பிறகுதான் தாலி கட்ட வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். துணைக்குப் பங்காளிகள் தவசியும் மொக்கராசும் கிளம்பினார்கள்.

வனரோசாவுக்கு மாமனைப் பற்றித் தெரியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் குழப்பிக்கொள்வார் என்று, அந்தந்த இடத்தில் அந்தந்தப் புத்திமதியைப் போனில் சொன்னாள்.

விமானத்தை விட்டு இறங்கியதும் முதல் போன் வந்தது. "மாமா, வெளிய வர்ற எடத்துல ரெண்டு வாசல் இருக்கும். சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னா பச்சை வாசல். ஏதாச்சும் சொல்லணும்னா சிவப்பு வாசல். அவ்வளவுதான்."

மூன்று பேரும் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று யோசித்தார்கள்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு எப்படிண்ணே போறது?" என்றான் தவசி. "இம்புட்டுத் தூரம் வந்துட்டு நாலு வார்த்தை பேசாமப் போனா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கோம்னு நினைச்சுக்குவாங்க."

கொம்பையாவுக்கும் நெஞ்சு நிறையச் சொல்ல இருந்தது. சிவப்பு வாசலுக்குள் நுழைந்தார்கள். அங்கே இருந்த சுங்க அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது அவருடைய போறாத காலம். "என்ன சொல்லணும்?" என்று கேட்டார்.

கொம்பையா அக்கா கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தார். அன்றைக்கு ரசத்தில் உப்பு தூக்கலாகிப் போய்ச் சம்பந்திகள் கோபித்துக்கொண்டது, மச்சான் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தது, அக்கா தொழுவத்தில் வழுக்கி விழுந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். விட்டுப்போன இடங்களைத் தவசி நிரப்பினான். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து, "பெட்டியில என்ன இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதப்பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் கொம்பையா. "பெட்டி பச்சை வாசல்லதான் வரணும்."

அதிகாரி பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு தாமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கையைப் பிடித்து அழைத்துப்போய் வாடகைக் காரில் ஏற்றிவிட்டார்.

லாட்ஜுக்கு வந்ததும் அடுத்த போன். "மாமா, இங்க குழாய்த் தண்ணி உங்களுக்கு ஒத்துக்காது. மூடி தெறக்காத பாட்டில் தண்ணியத்தான் குடிக்கணும்."

அறையில் அப்படி மூன்று பாட்டில்கள் இருந்தன. மொக்கராசு ஒன்றை எடுத்து மூடியில் கை வைத்தான். கொம்பையா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"தெறந்துட்டா அது மூடி தெறந்த பாட்டில்டா. குடிக்கக் கூடாது."

சாயங்காலம் வரை மூவரும் பாட்டில்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் மொக்கராசு அரைஞாண் கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி, பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டான். மூடி மூடியபடியே இருந்தது. ஒருவர் தூக்கிப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்து வாயைத் திறந்துகொள்ள, மாற்றி மாற்றிக் குடித்தார்கள். இந்தப் பயலுக்கு இவ்வளவு மூளையா என்று கொம்பையாவுக்கு லேசாகப் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் முகூர்த்தம். மண்டபம் கடற்கரையில், நடந்து போகிற தூரம்தான். காலையில் வனரோசா சொன்னாள்: "பாத்து வாங்க மாமா. தென்னை மரத்துக்குக் கீழ மட்டும் நிக்காதீங்க. போன மாசம் ஒருத்தருக்குக் காய் விழுந்து மண்டை ஒடைஞ்சு, நான்தான் தையல் பிரிச்சு விட்டேன்."

வெளியே வந்து பார்த்தால் தீவு முழுக்கத் தென்னை மரம்.

"நிக்கத்தான் கூடாது, நடக்கலாம்" என்றான் மொக்கராசு. கொம்பையா மாலைத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார்.

மண்டப வாசலிலும் இரண்டு பக்கமும் தென்னை. ஆரத்தித் தட்டோடு இருந்த பெண்கள், "கொஞ்சம் நில்லுங்க, சுத்திப் போடணும்" என்றார்கள். அங்கே எப்படி நிற்பது? ஆரத்தி எடுக்காமல் உள்ளே போவதும் முறையில்லை. கொம்பையா சந்தனத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்காமல் போனார். மண்டபத்தைச் சுற்றி மறுபடி வாசலுக்கு வந்தார். மறுபடி ஆரத்தி, மறுபடி போனார். நாலாவது சுற்றில் முழங்கால் விண்ணென்று தெறித்தது.

"உக்காரலாமேண்ணே" என்றான் தவசி. "உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே."

எதிரிலிருந்த மரத்தடியில் உட்கார்ந்தார்கள். காற்று நன்றாக இருந்தது. உள்ளே நாதஸ்வரம் கேட்டதும் கொம்பையா பாதி எழுந்து, பாம்பை மிதித்தவர் போல மறுபடி உட்கார்ந்தார்.

"எந்திரிச்சா நிக்கிறதா ஆயிருமேடா."

மாலை மடியில் வாடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மணப்பெண்ணே தேடிக்கொண்டு வந்தாள். "மாமா, நேரமாச்சு, எந்திரிங்க."

"நீ நிக்காதம்மா. மேல குலை தொங்குது."

முகூர்த்தம் முடிய இருபது நிமிடம் இருந்தது. மாமனுக்கு விளக்கிச் சொல்ல அது போதாது என்று வனரோசா கணக்குப் போட்டாள். பட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைத் தேடி மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே ஐயர், ஓமச் சட்டி, மேளம், ஜனம். கொம்பையா தம் கையால் மாலை எடுத்துக் கொடுத்தார். மரத்தடியிலேயே தாலி ஏறியது. அக்காவுக்குப் போனில் காட்டினார்கள். அவள் அழுதாள்.

சாப்பாடும் அங்கேயே இலை போட்டு முடிந்தது. மூவரையும் லாட்ஜுக்குக் கூட்டிப்போக வேன் வந்து நின்றது, சாலைக் கோடியில்.

"உருண்டு போயிரலாம்" என்றான் தவசி. "உருள்றது எந்தக் கணக்குலயும் வராது."

மூவரும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்து உருண்டார்கள். தீவுக்காரர்கள் ஏதோ வேண்டுதல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து சாலையில் ஊற்றினார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா நல்லதம்பி நூற்றுப் பத்து கிலோ. "பொண்ணு வீட்டு வழக்கம் போலருக்கு, நாம சும்மா பாத்துக்கிட்டு இருந்தா நல்லாருக்காது" என்று, பட்டு வேட்டியோடு கொம்பையாவுக்குப் பக்கத்தில் மெல்லப் படுத்தார்.

"எந்தப் பக்கமா உருளணும், சம்பந்தி?"

கொம்பையா உருள்வதை நிறுத்தி, பொறுப்பாகப் பதில் சொன்னார்.

"ஓரமா ஒதுங்கி உருளுங்க. நடுரோட்டுல உருண்டா பாக்கிறவங்க நம்மள என்ன நினைப்பாங்க?"