ஊட்டி அனுப்பிய செல்கள்

“மேடம், என் செல்லுங்க எல்லாம் குப்பைக்குள்ள குடியிருக்குதுங்க. ஒண்ணுகூடப் பெருக்க மாட்டேங்குது.”

ஆய்வுக்கூடத் தலைவி ஷம்ஷாத் முன்னால் வந்து நின்று இப்படிப் புலம்பினான் மாணவன் பால்சாமி.

விஷயம் இதுதான். செல் தன் உள்ளே சேரும் உடைசலைத் தானே தின்று புதுப்பித்துக்கொள்ளும். அந்த வேலைக்கு எந்தெந்த மரபணு வேண்டும் என்று கண்டுபிடிப்பது பால்சாமியின் பாடு. ஒரு பெருங்கூட்டம் செல்களை வளர்த்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மரபணுவை வெட்டிவிட்டான். உடைசலில் பச்சை ஒளி ஏற்றினான். செல் அதைத் தின்றால் பச்சை அணையும். எதில் அணையவில்லையோ, அதில் வெட்டுப்பட்டதுதான் அவன் தேடும் மரபணு.

எதிலுமே அணையவில்லை.

“ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருந்தியே, ஒண்ணும் வெட்டாத செல்லு, அது?” என்றார் ஷம்ஷாத்.

“அதுவும் பச்சைப் பசேல்னுதான் நிக்குது மேடம்.”

“அதுங்களை ஒழுங்காப் பார்த்துக்கிட்டியா?”

பால்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. விருதுநகரில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவனுடையது.

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? காலையில பச்சையை அளக்குற மெஷினுக்கு அனுப்புறதுக்கு முன்னாடிகூடப் புதுச் சத்துநீர் ஊத்தி, வயிறு நிறைய ஊட்டித்தான் அனுப்பினேன். பரீட்சைக்குப் போறதுங்க, பாவம்.”

பிறகு குரல் இறங்கியது.

“நாளை மறுநாள் என் ஆராய்ச்சியைப் பார்க்குற குழு கூடுது. இப்பவும் ஒண்ணும் கிடைக்கலைன்னா இந்த வேலையை வேற ஆள்கிட்டக் கொடுத்துருவாங்க.” மூக்கைப் பிடித்துக்கொண்டு குழுத் தலைவர் மாதிரியே பேசிக் காட்டினான். “தம்பீ, செல்லு வளர்த்தது போதும். நீ வேணா ஆடு வளரேன்.”

ஷம்ஷாத் சிரிக்கவில்லை. கையை நீட்டினார்.

“டிபன் பாக்ஸைக் கொடு.”

கொடுத்தான்.

“நான் வர்ற வரைக்கும் இந்த ரூமை விட்டு நகராதே.”

கதவு சாத்திக்கொண்டது. வெளியே யாரோ மூடியைத் திறக்கும் சத்தம். “அடடா, சால்னா” என்றது ஒரு குரல்.

சாயங்காலம்தான் ஷம்ஷாத் திரும்பி வந்தார். பால்சாமியின் தோள்பை தரையில் கவிழ்ந்து கிடந்தது.

“என்னப்பா இது?”

“பசி தாங்கல மேடம். பையைக் கொட்டிப் பார்த்தேன். தீபாவளி மிக்சர் அடியில கொஞ்சம் கிடந்துச்சு. நசுங்கின கடலைமிட்டாய் ஒண்ணு. இருமல் மிட்டாயைக்கூட விடல.”

“இத்தனை நாளா அதையெல்லாம் ஏன் வச்சிருந்தே?”

“வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும்போது இதை யாரு மேடம்...”

பால்சாமி அப்படியே நின்றான்.

“வா, பரோட்டா வாங்கிட்டு வந்திருக்கேன்.”

“இருங்க மேடம். முதல்ல அந்தச் செல்லுங்க தட்டைப் பிடுங்கிட்டு வந்துடறேன்.”

ஓடியே போய்விட்டான்.

மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். சத்துநீரை வடித்துப் பட்டினி போட்ட செல்கள். வெட்டாத கூட்டம் மொத்தமும் இருட்டு. வெட்டிய கூட்டமும் இருட்டுத்தான். ஆனால் அந்த இருட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள்.

“மேடம், சில பேரு இவ்வளவு பசியிலயும் குப்பையைத் தொடல. ஏன் மேடம்?”

“என்கிட்ட ஏன் கேக்குறே?” என்றார் ஷம்ஷாத். “அதுங்ககிட்டக் கேளு, எதைத் தொலைச்சீங்கன்னு.”