மேலாளர் என்றொரு கட்டம்

ஜன்னத்துக்கு ஞானதிரவியத்தைவிட வயது குறைவு. ஆனாலும் மென்பொருள் வடிவமைப்பில் அவர்தான் குரு. பாளையங்கோட்டையில் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்திவந்தார். ஞானதிரவியம் கணிதப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு அவரிடம் கற்க வந்தவர்.

ரத்த வங்கி ஒன்றுக்கான மென்பொருளின் வரைபடத்தை ஞானதிரவியம் மறுபடியும் கொண்டுவந்தார். கொடையாளர், ரத்தப் பை, குளிர்பெட்டி என்று மென்பொருளின் பகுதிகளுக்கு ஓரமாகச் சில கட்டங்கள். நடுவில் ‘மேலாளர்’ என்று ஒரு பெரிய கட்டம்.

ஜன்னத் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ரத்தப் பை கெட்டுப்போச்சான்னு யார் பாக்குறது?”

“மேலாளர்.”

“கொடையாளர் அடுத்து எப்ப ரத்தம் கொடுக்கலாம்னு?”

“மேலாளர்.”

“குளிர்பெட்டி நிறைஞ்சிடுச்சான்னு?”

“அதுவும் மேலாளர்தான் மேடம்.”

“போன வாரம் ரத்த வங்கியில தட்டணுக்களைத் தனியாப் பிரிக்கச் சொன்னாங்களே, எதைத் திருத்துனீங்க?”

“மேலாளரை.”

“எது நின்னுபோச்சு?”

ஞானதிரவியம் தரையைப் பார்த்தார். “எல்லாமே.”

பிறகு அவருக்கும் எரிச்சல் வந்துவிட்டது. “வடிவமைப்பு விதியெல்லாம் எனக்கு மனப்பாடம் மேடம். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். எந்த வேலையை யார்கிட்ட கொடுக்கணும்னு மட்டும் பிடிபட மாட்டேங்குது. நீங்களே சொல்லித் தொலைங்களேன்!”

ஜன்னத் அலுவலகத்தில் வேலை செய்த மற்றவர்களைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு நான் நாகர்கோவில் போறேன். சாரைக் கேக்காம யாரும் எதுவும் செய்யக் கூடாது. எதுவும்னா எதுவும்.”

மறுநாள் காலை ராபின்ஸ்டன் டம்ளரோடு வந்து நின்றான்.

“சார், இந்தக் காபி ஆறிடுச்சா?”

“குடிச்சுப் பாரேன்பா.”

“நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

ஞானதிரவியம் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் சுடர்க்கொடி வந்தாள்.

“சார், எனக்குத் தலை வலிக்குதா?”

“என்னம்மா கேள்வி இது?”

“மேடம் உத்தரவு சார்.”

ஜன்னலைத் திறக்கலாமா, மின்விசிறியை நிறுத்தலாமா, தும்மலாமா என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. யாருக்குப் பசிக்கிறது என்று அவர் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை.

அப்போது ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. கல்லூரி ஒன்றில் ரத்ததான முகாம். பைகளுக்கு ஒட்டவேண்டிய லேபிள் அச்சாகவில்லை. கொடுக்க வந்த பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். சிலர் கிளம்பியும் போய்விட்டார்கள்.

அவர் சுடர்க்கொடியின் மேசைக்கு ஓடினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோளாறு அவளுடைய திரையிலேயே தெரிந்தது.

“இதைச் சரிபண்ண உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்ப ஏன் பண்ணல?”

“நீங்க சொல்லலையே.”

“உனக்குத் தெரிஞ்ச வேலையை நீயே செய்ய வேண்டியதுதானே! அதுக்கும் நானா வரணும்? முதல்ல பண்ணும்மா!”

கத்தியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் விசைகளைத் தட்டினாள். முகாமில் லேபிள்கள் அச்சாகத் தொடங்கின.

ஞானதிரவியம் பிறகு தன் இடத்துக்குப் போய் வரைபடத்தைத் திறந்தார்.

மாலையில் ஜன்னத் வந்தபோது அவர் தலைநிமிரவில்லை. வரைபடத்தில், கெட்டுப்போனதா என்று பார்ப்பது ரத்தப் பைக்குப் போயிருந்தது. இடம் பார்ப்பது குளிர்பெட்டிக்குப் போயிருந்தது.

“மேடம்,” என்றார் கவலையோடு. “பிரிச்சுக் கொடுத்துட்டே வந்தேன். கடைசியில மேலாளருக்குன்னு ஒண்ணுமே மிஞ்சலையே.”

ஜன்னத் எட்டிப் பார்த்தார்.

“பாவம், அதைப் போக விட்டுடுங்க சார். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”