கண் படாத இலை

ஆற்றங்கரை ஆசிரமத்தில் சடகோபன் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். வந்து சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் அவரே குருவிடம் போனார். குரு கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். சடகோபனைவிட வயதில் இளையவர். சந்நியாசம் வாங்கியும் நெல்லைப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை.

"சுவாமி, இன்னைக்கு மத்தியானம் என் பொண்ணு வர்றா."

"வரட்டும் ஓய். நல்ல சேதிதான?"

"சமைச்சு எடுத்துண்டு வர்றாளாம். எதிர்ல உட்கார்ந்து நான் சாப்பிடணுமாம். போன தடவை அவ வீட்டுல இலையை விட்டு எழுந்து வந்துட்டேன். இந்தத் தடவையும் எழுந்தா இனிமே அப்பான்னு வரமாட்டேங்கறா."

"ஏன் எழுந்தீரு? உப்பு கூடிப் போச்சோ?"

சடகோபனுக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். கிணற்றுக் கட்டைச் சுவரில் மெல்லச் சாய்ந்துகொண்டார்.

"சாப்பிடறதை வெளி மனுஷா பார்க்கக்கூடாதுன்னு எங்காத்துல ஆசாரம். அப்பா படுதா கட்டிண்டு உள்ளே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஒரு தடவை தபால்காரர் தெரியாம எட்டிப் பார்த்துட்டார். அப்பா இலையை அப்படியே எடுத்துப் பசுவுக்குப் போட்டுட்டார். என் இலையையும் சேர்த்து. எனக்கு நல்ல பசி."

"பெறவு?"

"பெறவு ஒண்ணுமில்லை. பசி போயிடுத்து. பார்த்த கண்ணு போகலை. யாராவது பார்த்தாலே நான் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி இருக்கும். என் ஆத்துக்காரி இருந்த வரைக்கும் படுதா கட்டி, பரிமாறிட்டு முதுகைத் திருப்பிண்டு நிப்பா. பொண்ணு வேற சாதியில கல்யாணம் பண்ணிண்டா. நான் ஒத்துண்டேன், சுவாமி. மனசாரத்தான் ஒத்துண்டேன். ஆனா அவ வீட்டுல எல்லாரும் பிரியமா என்னையே பார்த்துண்டு நின்னா. கை எழும்பலை."

குரு வேட்டியைத் தண்ணீரில் முக்கி எடுத்தார்.

"பழகிப் பார்க்கக்கூடாதா?"

"பழகறேனே. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாலு பேர் பார்க்க இட்லி சாப்பிடறேன். விடியக்காலம் ஸ்நானம் பண்ணிட்டு, தினமும் அதே நேரம், அதே கடை. ஒரு நாள் தவறினதில்லை."

"தவறினா?"

"மனசு உறுத்தும். அன்னைக்கு ராத்திரி பட்டினி கிடப்பேன்."

குரு வேட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உமக்கு உங்க அப்பாவே தேவலை ஓய்!"

சடகோபனுக்கு முகம் சுருங்கிப் போனது.

"சிரிக்காதீங்கோ. பூணூலைக் கழட்டினேன். நெத்திக்கு இடறதை விட்டேன். உரிக்க உரிக்க உள்ளே அவர்தான் இருக்கார். எனக்கு அலுத்துப் போச்சு. இதுல அப்பா எது, நான் எது? அவரை எடுத்துட்டா மிச்சம் ஏதாவது இருக்கா?"

குரு வேட்டியின் ஒரு முனையை நீட்டினார்.

"இதைப் பிடியும். பிழியணும்."

மத்தியானம் வேதவல்லி வந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கியபோதே முகத்தில் களைப்பு. அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். கூடத்தில் அவளே இலை போட்டாள். வத்தக்குழம்பு, கீரை மசியல், சேப்பங்கிழங்கு வறுவல். அவருக்குப் பிடித்தவையாகப் பார்த்துச் செய்திருந்தாள்.

சடகோபன் இன்று சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கூடத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். வேதவல்லி எதிரில் உட்கார்ந்தாள். அவள் சாதம் போட்டதும், அவரை அறியாமல் அவருடைய இடது கை போய் இலையை மறைத்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரிப்பா. போதும். எனக்கும் அலுத்துப் போச்சு."

கேரியரின் அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கத் தொடங்கினாள். சடகோபன் தலையைக் குனிந்துகொண்டார்.

தூணோரம் நின்றிருந்த குரு கேட்டார்: "ஓய், உங்க அப்பா சாப்பிடும்போது படுதாவுக்கு உள்ள யாரு இருந்தா?"

"யாருமில்லை."

"நல்லா யோசியும்."

சடகோபன் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"நான் இருந்தேன்," என்றார். "ரொம்பச் சின்ன வயசுல. முதல் உருண்டையைப் பிடிச்சு என் உள்ளங்கையில வைப்பார். வாயைத் துடைச்சு விடுவார்." குரல் தாழ்ந்தது. "அப்பா என் முகத்தை நேரா பார்த்ததே அங்கதான்."

குரு தோளிலிருந்த மேல்வேட்டியை எடுத்து உதறினார். இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்துச் சடகோபனுக்கு முன்னால் விரித்து நின்றார். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தாயி, நீயும் உள்ள போ."

வேதவல்லிக்குக் கோபம் வந்தது. "படுதாவா? இதுக்கு வெளியிலேயே நின்னு வளர்ந்தவ சாமி நான். எங்கப்பா சாப்பிட்டு நான் ஒரு நாள் பார்த்ததில்லை."

"அதான் உள்ள போங்கேன்."

அவள் கேரியரை எடுத்துக்கொண்டு, குனிந்து, குருவின் கைக்கு அடியில் நுழைந்தாள். அப்பாவுக்கு மிக அருகில் உட்கார்ந்து குழம்பை ஊற்றினாள். கண்ணை எடுக்கவில்லை.

"பார்க்கறயேம்மா," என்றார் சடகோபன்.

"பார்க்கத்தான்பா வந்தேன்."

அவர் சாதத்தைப் பிசைந்தார். ஒரு உருண்டை பிடித்தார். அதை வாய்க்குக் கொண்டு போகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, துணிக்கு அந்தப்புறம் பார்த்துக் கேட்டார்.

"சுவாமி, படுதாவை எடுத்துவிடச் சொல்லி உங்ககிட்ட வந்தேன். நீங்க போட்டுட்டேளே. இது எங்க அப்பாவோடதா, என்னோடதா?"

அந்தப்புறமிருந்து குருவின் குரல் வந்தது.

"என்னுது ஓய். கை வலிக்கி. சீக்கிரம் சாப்பிடும்."