கம்பியில் கட்டிய ஆறு துண்டுகள்

பரிசுக்கு மூவர் போட்டியிட்ட கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழியின் முன்னால் மூவர் நின்ற கதை.

தூத்துக்குடியில் நிலக்கரிக் கப்பல். கிரேன் ஓட்டுகிறவர் ரொசாரி. அவர் உட்காரும் கேபினிலிருந்து மேல்தளம் முழுக்கத் தெரியும். சரக்குக் கிடங்கின் அடி மட்டும் தெரியாது. அங்கே கரியைக் கவ்வி அள்ளும் கிராப்பை இறக்க, கிடங்கின் விளிம்பில் நிற்கும் பேச்சிமுத்து கை காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் ரொசாரி ஹாரன் அடித்து நிறுத்தலாம்.

கரி தீரும் நேரத்தில் மூலையில் ஒட்டியதைக் கிராப்பின் இரும்பு வாய் எட்டாது. ஆறு பேர் இறங்கி, நடுவில் குவித்துக் கொடுப்பார்கள். இறங்குகிறவன் தன் துண்டை ஏணி உச்சியில் இருக்கும் கம்பியில் கட்டுவான். ஏறியதும் அவனே அவிழ்ப்பான். பிறத்தியார் துண்டை யாரும் தொடுவதில்லை. கம்பி காலியானால் கிடங்கும் காலி.

அன்று ஐந்தாவதாக ஏறிய கொம்பையா, லிங்கதுரையின் சிவப்புத் துண்டு காற்றில் அவிழ்வதைக் கண்டான். பின்னாலேயே வருகிற கூட்டாளிதானே என்று எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். லிங்கதுரையோ மறந்துவிட்ட மண்வெட்டிக்காகப் பாதி ஏணியில் திரும்பியிருந்தான்.

தலையில் தன் பச்சைத் துண்டும் தோளில் சிவப்புமாகக் கொம்பையா டீ வாளிப் பக்கம் போவதை ரொசாரி பார்த்தார். பேச்சிமுத்து கை காட்டினார். கிராப் இறங்கி வாயை மூடியது.

லிங்கதுரையைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். ரொசாரிக்கு அழுகை வரவில்லை. வீட்டில் போட்ட சோற்றைத் தின்றார். உப்பும் உறைக்கவில்லை, உறைப்பும் தெரியவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

விசாரணை நடந்தது.

"பறந்துரும்னு எடுத்தேன் சார். நாந்தான் கொன்னுட்டேன்," என்றான் கொம்பையா.

"கம்பி காலியாக் கெடந்துச்சு, கை காட்டுனேன்," என்றார் பேச்சிமுத்து.

"கை காட்டுனாவ, எறக்குனேன்," என்றார் ரொசாரி.

கொம்பையாவின் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதென்று முடிவானது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே. சொல்லுங்கள்: இந்த மூவரில் லிங்கதுரையைக் காப்பாற்றியிருக்கக் கூடியவர் யார்?

விடை: கூட்டாளி திரும்பிப் போனது கொம்பையாவுக்குத் தெரியாது. கரித்தூசியில் கிடங்கின் அடி தெரியாததால் பேச்சிமுத்து கம்பியை மட்டுமே பார்த்தார். ஒரே ஆளிடம் இரண்டு துண்டு இருந்ததைப் பார்த்தவர் ரொசாரி ஒருவர்தான். ஒரு ஹாரன் போதும். விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் கிரேன் ஏணியில் பாதி ஏறியவர் இறங்கி, விசாரித்த அதிகாரியின் அறைக்குப் போனார். "அவம் பேர அடிச்சிராதிய சார். ரெண்டு துண்டையும் நான் பாத்தேன்." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.