ஸ்போரின் வெளியுறை

"மூன்றாவது ஆளுக்கும் வந்துவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்?"

அறுவை மருத்துவர் பொன்னுதுரைக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆய்வகத்தில் உட்காராமல் நடந்துகொண்டே கேட்டார்.

அவருடைய வார்டில் மூட்டு அறுவை முடிந்த மூன்று பேருக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. குடலில் நஞ்சு கக்கும் ஒரு கிருமி. ஒருவர் இறந்துபோனார்.

கிருமியைக் கண்டுபிடித்தவர் ஆய்வக மருத்துவர் ஷாகிதா. பொன்னுதுரையைவிட இருபது வயது இளையவர்.

"கை கழுவுகிறீர்களா, சார்?"

"ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சானிடைசர். இப்போது இங்கே வரும்போதுகூடப் போட்டேன்."

ஷாகிதா ஒரு சிறு கண்ணாடித் தட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். கிருமி வளர்க்கும் கூழ் அதில் உறைந்திருந்தது.

"விரல்களை இதில் அழுத்துங்கள்."

"நோயாளி நானில்லை, மேடம்."

ஷாகிதா தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

பொன்னுதுரை அழுத்தினார்.

தட்டு காற்றில்லாத ஜாடிக்குள் போனது.

"நாளை மறுநாள் வாருங்கள்."

மறுநாளே வந்தார். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. ஷாகிதா ஜாடியைத் தொடவில்லை.

அதற்கடுத்த நாள் ஜாடி திறந்தது. விரல் பட்ட இடங்களில் சாம்பல் நிறத் திட்டுகள்.

பொன்னுதுரை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அதேதானா?"

"அதேதான்."

"சானிடைசருக்கு இது சாகாதா?"

ஷாகிதா திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். கஷ்டகாலம் வந்ததும் கிருமி தன்னைச் சுருக்கி, ஸ்போர் என்கிற விதையாகிக் கிடந்தது. உறைக்குமேல் உறை. எல்லாவற்றுக்கும் வெளியே இருந்த உறையில் மயிர்மயிராக இழைகள்.

"உள்ளுறைகள் சாகவிடாது. இந்த வெளியுறை எதிலும் ஒட்டிக்கொள்ளும். கட்டில், கதவுப்பிடி, தோல்."

"பின்னே எப்படித்தான் போகும்?"

"தேய்த்துக் கழுவினால்தான்." ஷாகிதா குழாயைத் திறந்துவிட்டு சோப்பை நீட்டினார்.

பொன்னுதுரை தேய்த்தார். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார்.

"இன்று முதல் வார்டில் எல்லோரும் சோப்புதான். கட்டில்களுக்கு பிளீச்சிங் தண்ணீர். சொல்லிவிடுகிறேன்."

"சரி, சார்."

அவர் நகரவில்லை.

"இந்தத் தட்டை யாரிடமாவது காட்ட வேண்டுமா?"

ஷாகிதா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். எதிரே வார்டு.

மூன்றாவது நோயாளி பேச்சித்தாய் கண்மூடிக் கிடந்தார். மகள் இசக்கியம்மாள் ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுதுரை கட்டிலருகே போய் அவளிடம் குனிந்தார்.

"உங்கள் அம்மாவுக்கு இந்த வியாதி என் கையிலிருந்து வந்திருக்கலாம், அம்மா."

இசக்கியம்மாளின் கை நின்றது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து நாற்காலியைக் கட்டில் பக்கம் தள்ளினாள்.

"அம்மாட்டயே சொல்லுங்க. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்."