துண்டு சொன்ன சம்மதம்

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை மாறவேள் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலி இருக்கையைக் கண்டால் அவருக்கு ஆகாது. "என் சபையில் ஆள் குறைவா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்?" என்று குதிப்பார்.

அவர் மனம் குளிரச் சபைத்தலைவர் தும்பையூரார் ஒரு விதி செய்தார். ஒவ்வோர் உறுப்பினரும் சபையில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆள் வராத நாளில் துண்டு இருக்கையில் கிடக்கும், அவர் வாக்கும் பதிவாகும். என்ன வாக்கு? துண்டு மறுத்துப் பேசாதே! ஆகவே சம்மதம். "அற்புதம்!" என்றார் அரசர். "இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அரசே" என்று ஆரம்பித்த அமைச்சர் நக்கண்ணரை, "அமைச்சருக்குப் பொறாமை" என்று ஒரே வார்த்தையில் உட்காரவைத்தார் தும்பையூரார். யாருக்கு யார்மேல் பொறாமை என்று ஊருக்கே தெரியும்.

ஐப்பசியில் ஆறு கரைபுரண்டது. அக்கரை உறுப்பினர்கள் யாரும் வர முடியவில்லை. அன்றைக்குப் பார்த்துச் சபையைக் கூட்டினார் புண்ணியவான் தும்பையூரார்! அக்கரையின் கருங்குளம் ஏரியை அங்கேயே இருக்கும் தம் மைத்துனரின் கரும்புத் தோட்டத்துக்குத் தருவதாகத் தீர்மானம். ஆற்று வெள்ளம் நாலு நாளில் கடலுக்குப் போய்விடும். தேங்கி நிற்கும் அந்த ஏரிதான் அக்கரைக்குச் சோறு. தும்பையூரார் தம் கையாலேயே துண்டுகளை விரித்தார். அக்கரைக்காரர்கள் தங்கள் ஏரியைத் தாங்களே மனமுவந்து கொடுத்ததாகப் பதிவாயிற்று. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

சேதி கேட்ட அக்கரை உறுப்பினர் பெரியநாச்சி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பரிசலில் வந்து சேர்ந்தாள். சேலையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சபை நடுவே நின்றாள்.

"எங்க ஏரியை எழுதிக் குடுத்துட்டீங்களாமே? நாங்க எப்பய்யா கையைத் தூக்கினோம்?"

"உங்கள் துண்டு இருந்ததே, அம்மா" என்று சிரித்தார் தும்பையூரார்.

"துண்டா நாத்து நடுது? துண்டா பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்துது?"

அரசர் முகத்தைச் சுளித்தார். "விதி விதிதான். பதிவானதை மாற்ற முடியாது."

நக்கண்ணர் வாயே திறக்கவில்லை. பெரியநாச்சிக்கு அவர்மேலும் ஆத்திரம். "நீங்களும் ஊமையாயிட்டீங்களா?" என்றாள். "இன்றிரவு இங்கேயே தங்கு, தாயே. நாளைக்குச் சபைக்கு வா" என்றார் அவர்.

மறுநாள் சனிக்கிழமை. அரசருக்கு எண்ணெய்க் குளியல். எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தி நிற்கும் பாக்கியத்தைத் தும்பையூரார் யாருக்கும் விட்டுத்தருவதில்லை. விதிப்படி அரசரின் பட்டு மேலாடை அரியணையிலும் தும்பையூராரின் துண்டு அவர் இருக்கையிலும் கிடந்தன. நக்கண்ணர் எழுந்தார்.

"சபையோரே, ஒரு தீர்மானம். கருங்குளம் ஏரி அக்கரைக்குத் திரும்பும்வரை அரண்மனையிலும் சபைத்தலைவர் வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. அரசர் சம்மதம், இதோ மேலாடை. தலைவர் சம்மதம், இதோ துண்டு. மறுப்பவர் உண்டா?"

அரசரே சம்மதித்த பிறகு மறுக்க யாருக்குத் துணிச்சல்? எல்லாக் கைகளும் உயர்ந்தன.

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் வரும் பசி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அரசர் இலை முன் உட்கார்ந்தார். சோறும் வரவில்லை, ரசமும் வரவில்லை. சமையற்காரர் சபைத் தீர்மானத்தைச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் அரசர் ஈரத்தலையோடு சபைக்குள் பாய்ந்தார்.

"என் அடுப்பை அணைத்தவன் எவன்?"

"தாங்கள்தான், அரசே" என்றார் நக்கண்ணர். "தாங்களும் தலைவரும் சம்மதித்துப் பதிவாகியிருக்கிறது."

தும்பையூரார் துள்ளினார். "அநியாயம்! நாங்கள் இங்கே இல்லவே இல்லை!"

"நான் இல்லாத நேரத்தில் என் சம்மதத்தை எடுக்க நீ யார்?" என்று இடியாய் முழங்கினார் அரசர்.

"அதைத்தான் மகாராஜா, நேத்து நான் கேட்டேன்" என்றாள் பெரியநாச்சி.

அரசர் மேலாடையைப் பார்த்தார், தும்பையூராரைப் பார்த்தார். பிறகு பெரியநாச்சியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"இனி வராதவர் வரவில்லை என்றே பதிவாகட்டும்" என்றார். "அந்த விஷயத்துக்கென்றே தானே ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினால்தான் அது வாக்கு. வெள்ளத்தில் ஒரு கரை வர முடியாவிட்டால், அந்தக் கரையின் காரியத்தைச் சபை தொடக்கூடாது. ஏரித் தீர்மானம் செல்லாது. தும்பையூராரே, உமக்குத் தலைமை போதும். வெள்ளக் காலத்தில் அக்கரை உறுப்பினர்களைப் பரிசலில் ஏற்றி வருவது இனி உம் வேலை."

நக்கண்ணருக்குத் தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். பிறகு பெரியநாச்சி பக்கம் திரும்பி, "இப்போது திருப்திதானே, அம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் அவள். "நான் அழுதப்போ உங்களுக்குப் புரியலை. உங்க வயிறு காஞ்சதும் புரிஞ்சுது. அந்தக் கோபம் எனக்கு ஆறாது."

அரசர் சாப்பிடப் போகவில்லை. அக்கரையிலிருந்த தும்பையூராரின் ஆட்கள் தோட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்ப ஏரிக்கரையை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அதை அடைக்கும்வரை அங்கேயே நிற்பதாகச் சொல்லி, அவளோடு பரிசலில் ஏறினார். துடுப்பு, தும்பையூரார் கையில்.